மரத்திலேயே இருந்த மலைச்சிங்கம்

ஜனவரி 9

மாலையில் ஆர்வில் வண்டியின் பின்னால் பழைய டயர்களைக் கட்டி, ஓடையோரப் பாதை நெடுக இழுத்து வந்தான். பனி சமமாகிவிட்டது. இனி எது கடந்தாலும் காலையில் தடம் தெரியும். அவனுக்கு வேட்டையாட மலைச்சிங்கத்தின், அதாவது பூமாவின், தடம் வேண்டும். ஓநாய்த் தடம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இருந்தால் டெஸ்ஸியை அவிழ்க்கக் கூடாது. தனியாகக் குரைத்து ஓடும் வேட்டை நாயை ஓநாய்கள் விட்டுவைப்பதில்லை. போன குளிர்காலத்தில் இரண்டு போயின. மிஞ்சியவள் இவள் ஒருத்திதான்.

என் மனைவி இருந்திருந்தால் தன் தம்பி ஆர்விலைத் தடுத்திருப்பாள். என்னால் முடியுமா?

ஜனவரி 10

எல்க் மான்கள் மட்டும் கடந்திருக்கின்றன.

ஜனவரி 11

பெரிய ஆண் மலைச்சிங்கத்தின் புதுத் தடம். ஓநாய்த் தடம் இல்லை. ஆனாலும் ஊளையிட்டுப் பார்ப்பது வழக்கம். ஓநாய் இருந்தால் பதில் கொடுக்கும். ஆர்விலுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் நான் ஊளையிட்டேன்.

"என்ன மச்சான், வகுப்புல பேர் கூப்பிடுற மாதிரி இருக்கு? சத்தமா விடுங்க!"

மறுபடி விட்டேன். பதில் இல்லை.

"எல்லாரும் லீவுன்னு போட்டுக்குங்க."

"பதில் வரலைன்னா இல்லைன்னு அர்த்தமில்ல, ஆர்வில். நாளைக்குப் பார்ப்போமே."

"நாளைக்குப் பனி கொட்டும், தடம் போயிடும். உங்களுக்கு உங்க நிழலே ஓநாய்தான்."

நாய்ப்பெட்டியைத் திறந்தான். டெஸ்ஸி என் கையை முகர்ந்துவிட்டு ஓடினாள். கழுத்துப்பட்டையைப் பிடித்திருக்கலாம் — பிடிக்கவில்லை.

மேட்டில் ஒரே இடத்தில் நின்று விடாமல் குரைத்தாள். சிங்கத்தை விரட்டி மரத்தில் ஏற்றிவிட்டாள்! ஆர்வில் என் முதுகில் தட்டினான். நாங்கள் பாதி ஏற்றத்தில் இருந்தபோது குரல் நின்றுவிட்டது.

எழுத முடியவில்லை.

ஜனவரி 12

பனி கொட்டுகிறது.

சிங்கம் மரத்திலேயே இருந்தது. எங்களைக் கண்டும் இறங்கி ஓடவில்லை. எங்களுக்குப் பின்னால், மரங்களுக்குள், எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. கீழே பனி சிவந்து மிதிபட்டுக் கிடந்தது. என் உள்ளங்கையைவிடப் பெரிய ஓநாய்த் தடங்கள். கழுத்துப்பட்டை மட்டும் கிடைத்தது.

ஆர்வில் துப்பாக்கியைத் தூக்கினான். பிறகு இறக்கிக்கொண்டான்.

"அதுவும் பயந்துபோய்க் கெடக்கு மச்சான்."

இறங்கும் வழி முழுக்க நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஓநாய்கள் என் குரலைக் கேட்டன. கேட்டும் வாயை மூடிக்கொண்டனவா? கேட்டுத்தான் வந்தனவா?

ஜனவரி 15

கெட்டில் விசிலடித்தால்கூட உடம்பு தூக்கிப்போடுகிறது.

ஜனவரி 20

காலையில் ஆர்வில் கதவைத் தட்டினான். மீண்டும் டயர் இழுத்திருக்கிறானாம். நாயில்லாமல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஓடைக்குப் போனோம்.

"ஊளை விடுங்க மச்சான். அன்னிக்கு விட்ட மாதிரியே."

விட்டேன். முடிப்பதற்குள் பதில் வந்தது — மிக அருகிலிருந்து. ஒன்றல்ல, பல.

ஆர்வில் வண்டியின் பின்பக்கம் போனான். நாய்ப்பெட்டியின் தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். உள்ளே வைக்கோல்தான்.

"இன்னிக்கு டெஸ்ஸிய அவுக்க வேணாம்," என்றான்.