பூட்டை நான்தான் எடுத்தேன்

இன்று காலை என் மேசையில் ஒரு கையேடு கிடந்தது. வழவழப்பான தாள், அட்டையில் மூடுபனி, தேயிலை மலை, ஒரு கொழுந்துக்கூடை. அச்சு மை வாசனைகூட இன்னும் போகவில்லை. தொலைவில் இருந்தபடியே ஒரு மின்னூலகத் தொகுப்பைக் கட்டிமுடித்த எங்கள் நிறுவனத்தின் சாதனையை அது சொல்கிறதாம். பதினான்காம் பக்கத்தில் நீ இருக்கிறாய். 'உள்ளூர் உதவியாளர் ஒருவரின் ஒத்துழைப்புடன்' என்ற நான்கு சொற்களுக்குள் உன்னைப் போட்டு மூடிவிட்டார்கள். நிறுவனத்தை நடத்தும் பணிப்பாளரின் பெயர் ஐந்து இடங்களில் வருகிறது. என் பெயர் இரண்டு இடங்களில்.

அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். பணிப்பாளர்மேல் கோபம், என்மேல் கோபம். உன்மேலும்தான். செத்துப்போனவள் என்பதற்காக உன்னை விட்டுவிடப் போவதில்லை.

நாம் ஒரே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். நான் கொழும்புக்குப் போய் ஓர் ஆவண நூலகத்தில் கணினிப் பகுதிக்குப் பொறுப்பானேன். நீ றக்வான மலையிலேயே இருந்து பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டாய். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் கைக்குழந்தைகள், வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், பினைல் வாசனை. அந்த அழுகைச் சத்தத்துக்கு நடுவிலிருந்துதான் ஒருநாள் என்னைப் போனில் கூப்பிட்டாய்.

"விஜி, டிஸ்பென்சரிய ஒழிச்சு உரம் அடுக்கப் போறாங்களாம். பழைய பொறப்புப் புத்தகம் ஏழு கெடந்துச்சு. பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொல்லிட்டாரு தோட்டத்துத் தொர. நான் தூக்கிட்டு வந்துட்டேன்."

"கேட்டுட்டா தூக்குன?"

"கேட்டா குடுப்பாங்களா?"

தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளின் பேரை, கிளாக்கர்மார் காதில் விழுந்தபடி இங்கிலீசில் எழுதிவைத்த புத்தகங்கள் அவை. மாரியாயி அதில் மேரி. உன் தம்பி ஞானப்பிரகாசம் அதில் கணபதி. "கிளாக்கர் ஐயா எங்க சாமிக்கும் ஒங்க சாமிக்கும் ஆள மாத்திவிட்டுட்டாரு" என்று சொல்லிச் சிரித்தாய்.

நான் சிரிக்கவில்லை. ஞானப்பிரகாசத்துக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, பதிவாளர் கந்தோரில் 'நம வெனஸ் நே' என்று சிங்களத்தில் சொல்லி, பேர் வேறாக இருக்கிறதே என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளினார்கள். சான்றிதழ் இல்லை, அதனால் அடையாள அட்டையும் இல்லை. யுத்த காலம். எஹலியகொட பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை இருக்கிறதென்று போனவனை, அட்டை இல்லையென்று வழியில் படையினர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். பதினொரு நாள் கழித்து விட்டார்கள். அதற்குப் பிறகு அவன் மலையை விட்டு இறங்கவே இல்லை. பஸ் ஹாரன் கேட்டாலே லயத்து வீட்டுக்குள் போய்விடுகிறான் என்றாய்.

"சரியான பேரப் போட்டு, தேடுனா கெடைக்கிற மாதிரி வைக்கணும் விஜி. நாளைக்கு ஒருத்தி வந்து எம் புள்ள பொறந்தது எங்க எழுதியிருக்குன்னு கேட்டா, இந்தா பாருன்னு பக்கத்தக் காட்டணும்."

எங்கள் நூலகத்தில் அப்போதுதான் மின்னூலக மென்பொருள் ஒன்றைப் போட்டிருந்தோம். தொகுப்பு கொழும்பு சர்வரில் இருக்கும். தூரத்தில் இருப்பவர் அதைத் தன் கணினிக்கு இறக்கி, பக்கங்களைச் சேர்த்து, விவரம் எழுதி, மறுபடி சர்வருக்கு ஏற்றலாம். இலங்கையில் யாரும் அதை அப்படிப் பயன்படுத்திப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒதுக்கிப்போட்ட ஒரு கணினியையும் ஸ்கேனரையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் கட்டிப்பிடித்தபடி பஸ்ஸில் மலையேறினேன். பால்மா அலுமாரிக்குப் பக்கத்தில் நீ இடம் ஒதுக்கி வைத்திருந்தாய்.

எல்லாவற்றையும் பொருத்திவிட்டுக் கொழும்புக்குத் திரும்பினால், இணைப்பு வேலை செய்யவில்லை. நான்கு நாள் போராடினோம். கம்பியில்லாத அந்தப் போன் பெட்டி ஒன்றுதான் உனக்கு. பேசவும் அதுதான், இன்டர்நெட்டுக்கும் அதுதான். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு நீ போனை வைப்பாய். முயன்று பார்த்துவிட்டு மறுபடி கூப்பிடுவாய்.

"சர்வர் அட்ரஸ்ல ரெண்டு கோடு போடு. சாய்ஞ்ச கோடு."

"எந்தப் பக்கம் சாயணும்?"

"வலது பக்கமா சாயணும்டி."

"அதச் சொல்ல நாலு நாளாச்சா ஒனக்கு?"

இடதுபக்கம் சாய்ந்த கோட்டைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். அதைத் திருத்தியதும் அடுத்த தடை வந்தது: உன் கணக்குக்கு ஏற்றும் அனுமதி கொடுக்க நான் மறந்திருந்தேன். "இதுவும் என் கோடுதானா?" என்று கேட்டாய். நான்காம் நாள் மாலை முதல் பக்கம் சர்வரில் வந்து விழுந்தது. கறுத்த மை, ஓரத்தில் கறையான் அரித்த தடம். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

அன்றைக்கு உனக்குப் பூட்டைப் பற்றிச் சொன்னேன். ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொகுப்பைத் திருத்தலாம். நீ திறந்தால் பூட்டு உன்னிடம். வேறு யாராவது திறக்கப்போனால், 'இதை இன்னார் வைத்திருக்கிறார், பூட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளவா?' என்று திரையில் ஒரு பெட்டி கேட்கும்.

"எடுத்துக்கிட்டா?"

"கையில வச்சிருக்கிறவ ஏத்தாம வச்சதெல்லாம் போயிரும்."

"அப்படி யாரும் எடுக்க மாட்டாங்கல்ல?"

"நான் இருக்கேன்ல" என்றேன்.

மூன்று மாதம். பகலில் பால் கொடுக்க வரும் தாய்மாரைக் கணினிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, பிள்ளை பால் குடித்து முடிவதற்குள் ஒவ்வொருத்தியிடமும் அவள் பேர், அவள் அம்மா பேர், புருஷன் வீட்டு ஆட்களின் பேர் எல்லாம் கேட்டு நேராகக் கணினியிலேயே எழுதினாய். இணைப்பு மந்தமென்பதால் ஒவ்வொரு நாளும் ஏற்றவில்லை. ஏழில் முதல் நான்கு புத்தகத்தையும் முடித்து ஒரேயடியாக ஏற்றுவதாகத் திட்டம். "முடிஞ்சிருச்சு விஜி. மழ விட்டா நாளைக்கு ஏத்திருவேன்" என்றாய்.

மழை விடவில்லை. மறுநாள் பணிப்பாளர் என் மேசைக்கு வந்தார். வெளிநாட்டு விருந்தாளிகள் மறுநாள் காலை வருகிறார்கள், மலையகத் தொகுப்பில் நிறுவனத்தின் சின்னமும் முகப்புப் படமும் இருக்கவேண்டும் என்றார். திறந்தேன். பெட்டி வந்தது. உன் பேர் இருந்தது.

"ஆள் திறந்து வச்சிருக்காங்க சேர். ஏத்தாத வேலை கிடக்கு."

"அந்த றக்வான பிள்ளையா? சர்வர் எங்கடதானே?"

"மழையில போன் போகுதில்ல சேர். ஒரு நாள் பொறுத்தா..."

"ஒரு படம் போடுறதுக்கு நான் அந்தப் பிள்ளையிட்ட அனுமதி கேக்கோணுமா, விஜயா?"

அவர் கத்தவில்லை. கோபப்படக்கூட இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். அவரும் கூட இருந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் 'ஆம்' என்பதை அழுத்தினேன். அவர் கை அதைத் தொடவில்லை. என் விரல்.

மறுநாள் மழை விட்டு நீ ஏற்றப்போனபோது சர்வர் மறுத்தது. என்ன செய்வதென்று புரியாமல் மூடித் திறந்தாய். கொழும்பிலிருந்த பழைய பிரதி இறங்கி உன் மூன்று மாதத்தின்மேல் படிந்துவிட்டது. மாரியாயி மறுபடி மேரி ஆனாள்.

என்னைக் கூப்பிட்டாய். "எல்லாம் போச்சு விஜி. நீ ஏதாச்சும் செஞ்சியா?"

"இல்லையே. சர்வர் கோளாறு" என்றேன்.

பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பிறகு, "சரி விடு. மறுபடி கேட்டுக்கலாம்" என்றாய்.

மறுபடி கேட்டாய். மூன்றாம் புத்தகம் முடியும் வரை கேட்டாய். அதற்குள் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் உன் தம்பி போன் பண்ணினான். "அக்கா போயிட்டா" என்றான். நான் வந்து சேர்ந்தபோது உன்னைத் தூக்கிவிட்டிருந்தார்கள். தேவாலயத்துக்குப் பின்னால், சரிவில், ஈர மண்ணைத்தான் பார்த்தேன். நிறுவனத்திலிருந்து ஓர் இரங்கல் கடிதமாவது அனுப்புங்கள் என்று கேட்டேன். அவர் ஊழியர் பட்டியலில் இல்லையே என்றார்கள்.

உனக்குப் பிறகு அந்த வேலைக்கு இன்னொரு பெண்ணைப் பழக்கவேண்டியிருந்தது. பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக இரண்டு கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் நீ இருப்பதுபோல் திறந்து, மற்றதில் என் கணக்கால் பூட்டை எடுத்தேன். பிறகு முதல் கணினியில் ஏற்றப்போனேன். அங்கே ஒரு பெட்டி வந்தது. பூட்டு இப்போது உங்களிடம் இல்லை, இவர் வைத்திருக்கிறார் என்று சொல்லி, கீழே என் பேர். என் கணினியின் பேர். எடுத்த நேரம், நிமிடம் வரைக்கும்.

அந்தப் பக்கத்தில் அப்படி வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பூட்டைப் பறிகொடுத்தவளின் திரையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நீ பார்த்தாய். என் பேரைத் திரையில் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டு, "நீ ஏதாச்சும் செஞ்சியா?" என்று கேட்டிருக்கிறாய். நான் இல்லையென்றேன். அதை முழுசாகக் கேட்டுவிட்டு, சரி விடு என்றிருக்கிறாய்.

யாரடி உன்னை அப்படிச் சொல்லச் சொன்னது? துரையிடம் கேட்காமல் ஏழு புத்தகத்தைத் தூக்கியவள் நீ. என்னிடம் மட்டும் ஏன் வாயை மூடினாய்? என்னை மன்னித்திருந்தால் அதைச் சொல்லியிருக்கலாம். மன்னிக்கவில்லையென்றால் காது கிழியத் திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு எத்தனை நாள் பேசினோம்! மழையைப் பற்றி, உன் தம்பியைப் பற்றி, கறையானைப் பற்றி. ஒவ்வொரு தடவையும் உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் மட்டும்தான் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நான் அழித்தேன், இவர் சொல்லி அழித்தேன், அவளிடம் பொய் சொன்னேன் என்றேன். பணிப்பாளர் பேனாவை மூடினார். "இது தொழில்நுட்ப விசயம், விஜயா. இதுக்குள்ள ஆக்களின்ட பேரை ஏன் இழுக்கிறீங்க?" என்றார். உன் பேரைத் தொகுப்பின் முகப்பில் போடச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். பார்த்ததுதான் அந்த நான்கு சொல்.

வேலையை விட்டிருப்பேன். விட்டால் சர்வரின் அதிகாரம் முழுக்க அவர் கைக்குப் போய்விடும். அதனால் இருக்கிறேன். முகப்பில் உன் பேரை இன்றைக்கு நானே போட்டுவிட்டேன், யாரிடமும் கேட்காமல். எடுக்கட்டும் பார்க்கலாம். எடுத்தால் மறுபடி போடுவேன்.

பழக்கிய பெண் இரண்டு மாதத்தில் கல்யாணமாகிக் கொடகவெல பக்கம் போய்விட்டாள். அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை நானே மலையேறுகிறேன். நீ விட்ட இடத்திலிருந்து, நான்காம் புத்தகம். போன தடவை பெருமாயி என்று ஒருத்தி பிள்ளையைத் தூக்க வந்தாள். பேர் கேட்டேன். இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டாள்.

"எத்தன தடவ கேப்பீங்க? மொத ஒருதரம் சொன்னேன். மறுபடி வந்து கேட்டுச்சு அந்தப் புள்ள. பேரத் தொலச்சுட்டு வந்து நிக்கிறியேன்னு எல்லாருமாச் சேந்து வைஞ்சோம். ஒரு வார்த்த எதுத்துப் பேசல. தலையக் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்துச்சு."

இது எனக்குத் தெரியாது. நான் செய்ததற்கு லயம் முழுக்க உன்னைத் திட்டியிருக்கிறது.

"அவ தொலைக்கல" என்றேன். "நான்தான் அழிச்சேன். கொழும்புல இருந்து நான்தான் அழிச்சேன். அவகிட்டப் பொய்யும் சொன்னேன்."

பெருமாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள். கொழும்புத் திமிரா என்றாள். படிச்ச கை இப்படித்தான் செய்யுமா என்றாள். செத்தவ மேல பழியப் போட்டுட்டு எப்படிடி சோறு இறங்குது என்றாள். தொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக விழித்து அழத் தொடங்கின. வாசலில் இரண்டு மூன்று பேர் கூடினார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். நீ தராமல் போனதை அவள் தந்தாள். ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டேன். இன்றைக்கும் அது என்னிடம் இருக்கிறது, யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

மூச்சு வாங்க நிறுத்தினாள். அழுத பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே வாங்கில் உட்கார்ந்தாள்.

"பெருமாயி. அம்மா பேரு சிட்டம்மா" என்றாள். "இப்ப எழுதுனத எனக்குப் படிச்சுக் காட்டு."

படித்துக் காட்டினேன்.