நசீர் செல்லாது என்று வைத்த காரணம்

என் அருமை நசீர் மச்சான்,

எங்கே இருந்தாலும் நல்லா இரு. இதை உனக்கு எழுதலாமா என்றே புரியவில்லை. ஆனால் உன்னைத் தவிர யாரிடம் கேட்பது?

வடக்குத்து ஊரில் நம் ஆபீஸ் அதே மாடியில்தான் இருக்கிறது. உன் நாற்காலியில் யாரும் பையைக்கூட வைப்பதில்லை. கான்ட்ராக்ட்காரர்களுக்கு நாம் செய்து கொடுத்த ஆள் பதிவு சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் புரோகிராம் எழுதுவேன், நீ சோதனை வைத்து அதைக் கவிழ்க்கப் பார்ப்பாய். பெயரை எழுதாமல் அனுப்புவாய், வயதுக்கு எழுத்தைப் போடுவாய். "சர்வர் வுழுந்துடக் கூடாது மச்சான். எது தப்புன்னு மரியாதையா சொல்லிட்டு நிக்கணும்" என்பாய்.

இந்த வாரம் உன் பதிவை மூடும் வேலை என் தலையில் விழுந்தது. நம் ஆபீஸ் ஆட்களும் அதே சாஃப்ட்வேரில்தானே இருக்கிறோம்? விலகிய காரணம் என்ற இடத்தில் ‘மரணம்’ என்று அடித்தேன். "இந்தக் காரணம் செல்லாது" என்றது சர்வர். மரியாதையாகத்தான் சொன்னது.

ராஜினாமா, ரிட்டையர்மென்ட், டிரான்ஸ்பர், கான்ட்ராக்ட் முடிந்தது. நாம் வைத்தவை இவ்வளவுதான். வேலை முடிந்து கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்து லாரி ஏற்றுகிறவர்களைப் பார்த்தே வளர்ந்த நமக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

கணக்குப் பார்க்கும் செல்வி அக்கா எட்டிப் பார்த்தார். "ராஜினாமான்னு போட்டு முடிங்க தம்பி. எதுக்கு ஒக்காந்துகினு யோசிச்சிகினு இருக்கீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீயா ராஜினாமா செய்தாய்? அப்படிப் போட்டால் உன் மனைவி ஷபானா குடும்பப் பென்ஷனுக்கு நடையாய் நடக்க வேண்டும். தங்கச்சி போனில் கேட்டது இது ஒன்றுதான்: "அண்ணே, அவரு வேலைய வுட்டுப் போனாருன்னு மட்டும் எழுதிடாதீங்கண்ணே."

மரணத்தையும் செல்லும் காரணமாகச் சேர்த்துவிட்டு உன் சோதனைகளை ஓடவிட்டேன். எல்லாம் தேறிப் பச்சை, ஒன்று மட்டும் தோற்றுச் சிவப்பு. திறந்து பார்த்தால், செல்லாத காரணத்துக்கு நீ கொடுத்திருந்த உதாரணமே ‘மரணம்’தான். சிரித்துக்கொண்டே அடித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "செத்தவன் எவன் வந்து ஃபாரம் போடப் போறான்?" சோதனை தோற்றால் காட்டுவதற்கு நீயே ஒரு வரி எழுதி வைத்திருந்தாய். அது திரையில் நின்றது.

"தடுத்திருக்க வேண்டியது உள்ளே வந்துவிட்டது."

ஆபீசிலேயே அழுதுவிட்டேன் மச்சான். ஆஸ்பத்திரியில் வெறும் காய்ச்சல் என்றுதானே சொன்னார்கள்? மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்களே. எதை நாம் கவனிக்காமல் விட்டோம்? எது தப்பென்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. இந்தச் சிவப்பைப் பச்சையாக்கினால் உன் சாவுக்கு நான் சம்மதித்ததாக ஆகிவிடுமா? ஆக்காவிட்டால் ஷபானாவுக்கு என்ன பதில் சொல்வேன்? செல்வி அக்கா டீயை வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் மாற்றிவிட்டேன். உன் சோதனையில் மரணம் இருந்த இடத்தில் ‘சும்மா’ என்று போட்டிருக்கிறேன். சும்மா யாரும் போய்விட முடியாது, இல்லையா? எனக்குத் தெரியவில்லை.

நீ எழுதிய அந்த வரியை மட்டும் தொடவில்லை. நான் இங்கே இருக்கும்வரை யாரையும் தொட விடவும் மாட்டேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பென்ஷனுக்கான ஆபீஸ் சான்றிதழை ஷபானா கையில் நானே கொடுப்பேன். நீ எங்களை விட்டுவிட்டுப் போனாய் என்று அதில் எங்கேயும் இருக்காது.

ஷபானாவுக்கு அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
குமரவேல்