கம்பிவேலிக்குள் ஒரு சுமைதாங்கி

கொட்டாரம்
கொல்லம் ஆண்டு 1131 ஆடி 22

சிரஞ்சீவி மாப்பிள்ளை பகவதியப்பனுக்கு, அத்தை தாணம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. மாமாவும் நானும் சுகமாக இருக்கிறோம் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அடுத்த வரியிலிருந்து என் வாயில் நல்ல வார்த்தை வராது.

பிள்ளைத்தாச்சியாகவே போய்ச்சேர்ந்த நம் நாகம்மைக்கு வைத்த சுமைதாங்கிக் கல்லைக் காணோம். காணோம் என்று சொல்வதும் பிசகு. பட்டப்பகலில், நாலுபேர் பார்த்துக்கொண்டிருக்க, லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் அன்று நாகர்கோவிலுக்குத் துணி எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் ரோட்டோரம் இரண்டு குழி. மாமா எதிரே நம் கடையில்தான் இருந்திருக்கிறார். ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன். சர்க்கார் லாரி, காக்கிச் சட்டை, நான் என்ன செய்ய என்கிறார். முட்டுவலிக்காரரை மேற்கொண்டு என்ன கேட்பது?

திருவனந்தபுரத்தில் புதிதாக ஒரு பூங்கா போடுகிறார்களாம். அதில் வைக்க ஊர் ஊராக அழகான கல்லெல்லாம் சேர்க்கிறார்களாம். லாரிக்காரன் மாமாவிடம் சொன்னது இவ்வளவுதான். அழகுக்கு என்ன இருக்கிறது அதில்? இரண்டு கால், மேலே ஒரு குறுக்குக் கல். தெய்வாதீனமாக நீங்கள் அந்தப் பூங்கா ஆபீஸிலேயே கிளார்க்காக இருக்கிறீர்கள். இல்லாவிட்டால் நான் யாரிடம் போய் முட்டுவேன்?

மரச்சீனிக்கிழங்கு விற்கிற ஜெயபாயை உங்களுக்குத் தெரியும். மறுநாள் விடியக்காலம் சந்தைக்கு வந்தவள், பழக்க தோஷத்தில் குனிந்த தலையோடு கூடையைச் சரித்திருக்கிறாள். கல் இல்லை. கிழங்கெல்லாம் ரோட்டில் உருண்டது. அவளும் விழப்பார்த்தாள். இப்போது அவள் ஐந்து மாசப் பிள்ளைத்தாச்சி. அதிலிருந்து தினமும் காலையில் நான் போய் அந்தக் குழிப்பக்கம் நிற்கிறேன். கூடைக்கு ஒரு பக்கம் நான் பிடித்தால் அவள் இறக்கிவிடுகிறாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் என்னிடம் வருகிறார்கள். கல் செய்த வேலையை நான் செய்கிறேன் என்று மாமா கேலி செய்கிறார்.

கல் நட்ட நாள் உங்களுக்கு மறந்திருக்காது. முதல் சுமையை நீங்கள்தான் இறக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நீங்களும் தலையில் நெல்மூட்டையோடு கல் வரைக்கும் வந்தீர்கள். வந்து நின்றுவிட்டு, இறக்காமலேயே மூட்டையோடு வீட்டுக்குத் திரும்பி நடந்தீர்கள். அன்று மத்தியானம் பஸ் ஏறியவர்தான். ஆறு வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. இதைக் குறையாக எழுதவில்லை. மாசாமாசம் கார்டு போடுகிறீர்கள், அதுவே பெரிசு.

கல் எங்கே இருக்கிறது, யாரைப் பார்த்துக் கேட்கவேண்டும் என்று உடனே விசாரித்து எழுதவும். வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
அத்தை தாணம்மாள்


கொட்டாரம்
1132 புரட்டாசி 6

சிரஞ்சீவி மாப்பிள்ளைக்கு, அத்தை எழுதுவது.

விசாரிக்கிறேன் என்று ஒரே வரியில் நீங்கள் எழுதிய கார்டு வந்தது. அதற்குப்பிறகு ஒன்றும் வரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்து வாத்தியார் கிருஷ்ணமணியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நானே திருவனந்தபுரத்துக்குப் போய் வந்தேன். உங்கள் ஆபீஸில் நீங்கள் லீவு என்றார்கள். தங்கியிருக்கிற அறையும் பூட்டிக் கிடந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் வருகிறேன் என்று முன்கூட்டி எழுதியிருந்தேனே, அந்தக் கடிதம் வரவில்லையா?

பூங்கா பெரிசுதான். பச்சைப் புல்லும் வட்டம் வட்டமாகப் பூப்பாத்தியும் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். நடுவில் ஒரு ஆள் சிலை. யார் என்று கேட்டேன், அங்கே வேலை செய்கிறவர்களுக்கே தெரியவில்லை. புல்லை மிதிக்கக்கூடாது, பூவைத் தொடக்கூடாது, பெஞ்சில் படுக்கக்கூடாது என்று மூலைக்கு மூலை பலகை. மனுஷன் உள்ளே வந்து என்னதான் செய்யலாம் என்று ஒரு பலகையிலும் காணோம்.

நம் கல் கிழக்கு மூலையில் இருக்கிறது. என் தோள் உயரம் நின்ற கல், இப்போது என் முழங்கால் உயரம். பார்த்ததும் உடைத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கத்திவிட்டேன். உடைக்கவில்லை. இவ்வளவு உயரத்தில் யார் ஏறி உட்காருவது என்று யோசித்த ஒரு மேதாவி, கால் இரண்டையும் பாதிக்குமேல் மண்ணில் புதைத்து அதை ஆசனமாக்கிவிட்டான். நாகம்மை என்ற பேரும் 1125 என்ற வருஷமும் காலில்தானே கொத்தியிருக்கிறது? இரண்டும் மண்ணுக்குள் போய்விட்டன. சுற்றிலும் கம்பிவேலி, வேலிக்குப் பூட்டு. முன்னால் ஒரு பலகை. வாத்தியார் வாசித்துச் சொன்னார்: முந்நூறு வருஷத்துப் பழமையான கல் ஆசனம், இதில் உட்காரக்கூடாது. ஆசனம் என்றும் எழுதி, உட்காராதே என்றும் எழுதியிருக்கிறார்கள்!

அங்கே புல்லுக்கு ஒரு ஆபீஸ், கல்லுக்கு ஒரு ஆபீஸ், கம்பிவேலிக்கு ஒரு ஆபீஸ். உங்களுக்குத் தெரியாததா? புல் ஆபீஸில், செடிகொடி மட்டும்தான் எங்கள் பொறுப்பு, கல்லைப்பற்றிப் பழம்பொருள் ஆபீஸில் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், கல் எங்களுடையதுதான், ஆனால் வேலியைத் திறக்காமல் கல்லைத் தொடமுடியாது, வேலி கட்டியவர்களிடம் போங்கள் என்றார்கள். வேலி கட்டியவர்கள், கட்டியதோடு எங்கள் வேலை முடிந்தது, சாவியைப் புல் ஆபீஸில் கொடுத்துவிட்டோம் என்றார்கள். திரும்பப் புல் ஆபீஸுக்கு வந்தால் எல்லாரும் சாயா குடிக்கப் போயிருந்தார்கள்.

கடைசியில் ஒரு பெரிய அதிகாரியைப் பார்த்தோம். பழமையான பொருளைத் திருப்பிக் கொடுக்க விதி இல்லை என்றார். ஐயா, அது ஆறு வருஷத்துக் கல், என் மகள் கல், காலைத் தோண்டிப் பாருங்கள், பேர் இருக்கும் என்றேன். தோண்டவேண்டுமானால் மூன்று ஆபீஸும் சம்மதிக்கவேண்டுமாம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. பிள்ளைத்தாச்சியாக வயிற்றுச் சுமையோடு போனவளுக்காக வைக்கிற கல் இது, வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை அதில் இறக்க இறக்க அவள் சுமை குறையும் என்பது எங்கள் நம்பிக்கை, நீங்கள் வேலிபோட்டு வைத்தால் என் மகள் சுமையை யார் இறக்குவது என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பிறகு, வருகிற நவம்பர் முதல் தேதியிலிருந்து உங்கள் ஊர் மதராஸ் ராஜ்யத்தில் சேர்கிறது, அதற்குப்பிறகு அந்த சர்க்கார் மூலமாகத்தான் நீங்கள் எழுதவேண்டும் என்றார். ஆக, நம் பெண் வேறு ராஜ்யத்தில் மாட்டிக்கொள்ளப் போகிறாள். அதற்குமுன் நடந்தால் உண்டு.

அங்கே எனக்கு முகம் கொடுத்துப் பேசிய ஒரே ஆள் பூங்கா வாட்ச்மேன் யேசுரத்தினம். நம் அருமனைக்காரர். தண்ணீர் கொடுத்து வேலிப்பக்கம் நிற்கவிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லாமல் போய்விட்டார்.

எந்தப் புண்ணியவான் அதை முந்நூறு வருஷத்துக் கல் என்று எழுதிக்கொடுத்தானோ, அவன் கை விளங்காமல் போகட்டும். நீங்கள் ஆபீஸில் விசாரித்து அவன் யார் என்று எனக்கு எழுதுங்கள்.

அத்தை தாணம்மாள்


கொட்டாரம்
1132 ஐப்பசி 3

மக்கா பகவதி,

போன கடிதத்தில் கை விளங்காமல் போகட்டும் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடு. நான் பகவதி அம்மன் சந்நிதியில் விழுந்து, என் வாக்கு பலிக்கக்கூடாது என்று கேட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நேற்று யேசுரத்தினம் கடைக்கு வந்தார். லீவில் ஊருக்கு வந்தவர், என்னைப் பார்க்காமல் போக மனசு கேட்கவில்லை என்றார். கொட்டாரத்துக்கார கிளார்க்கு சார்தான் அதை முந்நூறு வருஷத்துக் கல் என்று எழுதிக்கொடுத்து வரவழைத்தார், அம்மா. சாயந்திரம் ஆபீஸ் விட்டால் நேரே அங்கேதான் வருவார், வேலிக்கு வெளியே புல்லில் உட்கார்ந்திருப்பார், கேட்டைப் பூட்டப்போகும்போது நான் போய்க் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார், புல்லில் உட்காரக்கூடாது என்று அவரிடம் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை என்றார். மாமா எழுந்து உள்ளே போய்விட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். நேற்று முழுக்கக் கோபம்தான். நான் ஆபீஸ் ஆபீஸாக நாயாக அலைந்தபோது நீ எங்கே ஒளிந்திருந்தாய்? என் தம்பி மகனாகப் பிறந்து, என் மடியில் வளர்ந்து, என் மகளைக் கட்டியவன், என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? சரி, கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன். அது உனக்கும் தெரியும்.

இங்கே வந்து பார்க்க உனக்குத் தைரியம் இல்லை. அதனால் அவளை அங்கே வரவழைத்துக்கொண்டாய். ஆறு வருஷம் நீ மறுகல்யாணப் பேச்சை எடுக்கவிடாதது ஏன் என்று மாமா என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பார். இனிமேல் கேட்கமாட்டார். ஆனால் மக்கா, நீ எழுதிய ஒரு பொய்யை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்களே. நீ கல்லைத்தானே கேட்டாய்? அவர்கள் காலைப் புதைத்தார்கள், பேரை மூடினார்கள், வேலி போட்டார்கள். அப்போதும் நீ வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. உன் பக்கத்திலேயே இருக்கிறாள் என்று உனக்கு ஒரு ஆறுதல். அவள் மேல் ஒரு புல்லுக்கட்டுகூட யாரும் இறக்கமுடியாதே, அதை ஏன் யோசிக்கவில்லை?

அந்தப் பெரிய அதிகாரி கெட்டவர் இல்லை. நேரே போய், நான்தான் பொய் எழுதினேன், இது என் பெண்சாதி கல், பேர் மண்ணுக்குள் இருக்கிறது என்று சொல்லு. நவம்பர் முதல் தேதிக்கு முன்னால் சொல்லு. வேலை போனால் போகட்டும். கடை இருக்கிறது. மாமாவுக்கும் முட்டு முடியவில்லை, சாக்குமூட்டையைப் புரட்ட ஆள் இல்லை.

கல்லைக் கொடுத்தால் கல்லோடு வா. கொடுக்கமாட்டோம் என்று சாதித்தால் கல்லை அவர்களிடமே விட்டுவிட்டு நீ மட்டும் வா. மாமா காலையிலேயே கல்தச்சனைப் பார்த்துவிட்டு வந்தார். வேறு கல்லில் பேரைக் கொத்தினாலும் அது நாகம்மைதான். குழி இரண்டையும் நான் மூடவிடவில்லை. மழையில் மண் சரியச் சரிய அள்ளி வெளியே போட்டு வைத்திருக்கிறேன்.

ஜெயபாய்க்கு இது எட்டாம் மாசம். சொன்னால் கேட்காமல் இன்னும் கூடை சுமக்கிறாள். இன்று காலையும் நான்தான் இறக்கினேன். என் தோள் இனிமேல் ரொம்ப நாள் தாங்காது.

நீ நல்லா இருப்பாய். உனக்கு ஒரு குறையும் வராது. வந்து உன் கையாலேயே கல்லை நட்டு, அன்று தலையிலேயே திரும்பக் கொண்டுபோனாயே, அந்த நெல்மூட்டையை இறக்கி வை. அவளுக்கு வலிக்காது, மக்கா.

உன் அத்தை
தாணம்மாள்