வாப்பா பார்க்கிற இலக்கம்

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையில் மகள் ஸகியாவின் விரலில் குத்திப் பார்த்தேன். இரத்தத்தில் சீனி 312. கிளினிக் செயலியில் போட்டு ஒரு நிமிடம் ஆகவில்லை, கத்தாரில் ட்ரெயிலர் லொறி ஓட்டுகிற என் மனுசனின் போன். "என்ன நிஸ்றா, முந்நூறா? புள்ளைக்கு என்னத்தக் குடுத்தாய்?" ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சீனிப்பாணியா பருக்கினேன்? இந்தச் செயலி டொக்டர் தனுஷியா பார்க்கத்தான். வாப்பாவும் பார்க்கட்டும் என்று இவரையும் சேர்த்துவிட்டது என் புத்தி கெட்ட வேலை.

ஆகஸ்ட் 7, வியாழன்
நேற்று 340. அதைப் பார்த்துவிட்டு இவர் தூங்காமல் கிடந்து, விடிய ட்ரெயிலர் ஓட்டி, கண் அயர்ந்து வண்டியை ரோட்டை விட்டு மணலில் இறக்கியிருக்கிறார். கூட வேலை செய்கிற இப்றாஹிம் சொன்னார். "உயிர் தப்பினது அல்லாஹ்ட காவல், தங்கச்சி." இவர் என்னிடம் மூச்சுவிடவில்லை.

ஆகஸ்ட் 8
சீனி பார்க்கிற மெசின் காட்டியது 296. செயலியில் நான் போட்டது 118. "மாஷா அல்லாஹ்" என்று அனுப்பினார். தூங்கட்டும் மனுசன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி
118, 124, 109. எல்லாம் என் கைவேலை. டொக்டர் செயலியில் எழுதியிருக்கிறா: "மிக நல்லம். இன்சுலின் இதே அளவு போதும்."  போதாது டொக்டர்! எப்படிச் சொல்ல? அவர் காதுக்குப் போகாமல் எப்படிச் சொல்ல? நாளைக்குக் கிளினிக்குக்குப் போன் எடுப்பேன்.

ஆகஸ்ட் 16
எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்
பெரியாஸ்பத்திரி. வார்ட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். 

விடிய ஸகியாவுக்கு வாந்தி. பிறகு மூச்சு இரைத்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. இங்கே பார்த்தால் சீனி 518. டொக்டர் தனுஷியா போனும் கையுமாக ஓடிவந்தா. "நேற்று 121 எண்டு போட்டிரிக்கிறீங்க. ஒரு நாளைக்குள்ள எப்பிடி? காய்ச்சல் ஏதும் இருந்ததா? மருந்து பழுதா?" அவ எங்கெங்கோ தேடுகிறா, பிள்ளை கையை விட்டுப் போகுது. யா அல்லாஹ்! அவவின் கையைப் பிடித்துச் சொன்னேன்:

"பொய் டொக்டர். எல்லாம் நான் போட்ட பொய். ரெண்டு கிழமையா முந்நூறுக்குக் கிட்ட."

ஏசப்போகிறா என்று நின்றேன். "மெசினத் தாங்க" என்று மட்டும் கேட்டா. உண்மையான இலக்கமெல்லாம் அதற்குள் இருந்தது. நானே என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தேனே!

ஆகஸ்ட் 20
"தண்ணி, உம்மா." கண்ணைத் திறந்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ்.

அவரிடம் எல்லாம் சொன்னேன். "நீங்க தூங்கணும் எண்டுதான்…" என்றேன். போனைப் பட்டென்று வைத்துவிட்டார்.

செப்டம்பர் 3, புதன்
வீட்டில் இருக்கிறோம். இரண்டு கிழமையாக அவருக்குப் பிள்ளையோடு மட்டும்தான் பேச்சு. ஊசியின் அளவு கூட்டியாயிற்று, ஆனாலும் இன்று காலை 271. விரல் அந்தரத்தில் நின்றது. 271 என்றே போட்டேன்.

உடனே போன் அடித்தது. ஏச்சு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன்.

"நிஸ்றா, முதலாளிக்கிட்ட கதைச்சிட்டன். புள்ளைக்குச் சீனி கூடின நாள் நான் வண்டி எடுக்கல்ல, அண்டைக்கு வேற ஆள் ஓட்டுவான். நீ உள்ளதப் போடு."

இதை அன்றைக்கே செய்திருக்கலாமே மனுசா! நானும் அன்றைக்கே கேட்டிருக்கலாம்.