ஊதாக் கட்டத்தில் அப்பாவின் பெயர்

என் தங்க அம்மாவுக்கு,

சபை மலரில் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறதே, அதற்காக. மலரைத் தயாரிக்கும் பிரின்ஸ் அண்ணன், உன் போட்டோவுக்குக் கீழே போட நாலு வரி அழகாக எழுதித் தா என்று கேட்டார். நாலு வரிக்குள் அடங்குகிற ஆளா நீ? அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். சபையே வாசிக்கும். வாசிக்கட்டும். நாம் போட்ட சண்டைகளையும் சபை கேட்டுக்கொண்டுதானே இருந்தது.

முதலில் ஒரு நல்ல செய்தி சொல்லலாம் என்று பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லை. இதை நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

உன் வேலையை இப்போது அப்பாதான் பார்க்கிறார், தெரியுமா? நீ போன பிறகு கமிட்டி கூடியது. சாலைக் கடைத்தெருவில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்றுக்கொண்டிருந்த மனிதரைக் கூப்பிட்டுச் சபை ஆபீசில் உன் நாற்காலியில் உட்காரவைத்தது. உன் டேப்லெட், உன் சாவிக்கொத்து, எல்லாம் அவர் கைக்கு வந்தன. பாஸ்வேர்டுகூட மாறவில்லை. அதனால் யாருக்கு நினைவூட்டல் போனாலும் இன்னும் உன் பெயரில்தான் போகிறது.

கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்கிற வாரத்தில், பாடகர் குழு டேனியல் மாமாவுக்கு உன்னிடமிருந்து ஒரு செய்தி: 'நாளை காலை கல்லறையில் சந்திப்போம். மறக்க வேண்டாம்.' மாமா அன்றைக்கு வேதப்புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாராம். சத்தியமாக இதில் என் கை இல்லை. பெயரை மாற்றுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை.

"கெடக்கட்டும் மக்ளே. அவ பேரு வந்தா, அவ கூட இருக்க மாதிரி இருக்கு" என்றார்.

எனக்குப் பயம் தட்டியது அங்கேதான். உன் நாற்காலியில் உட்கார்ந்தவர் உன்னைப் போலவே ஆகிக்கொண்டிருந்தார். உன்னைப் போல என்றால், உன் கடைசி வருஷத்து உன்னைப் போல.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று யோசிக்கிறேன். பிரின்ஸ் அண்ணன் நல்லவர்தான். கழக்கூட்டத்தில் தன் சாஃப்ட்வேர் ஆபீசில் ஓடுகிறதை அப்படியே கோயிலுக்குள்ளும் ஓடவிட்டார். திங்கட்கிழமை காலையில் நின்றுகொண்டே நடத்துகிற ஸ்டாண்ட்-அப் மீட்டிங். ஞாயிறு முழுக்க எழும்புங்கள், உட்காருங்கள் என்று சொல்லிக் களைத்த பாஸ்டர் ஐயாவைத் திங்களன்றும் நிற்கவைத்த பெருமை அண்ணனுக்கே. அப்புறம் தக்காளி வடிவத்தில் அந்த டைமர். இருபத்தைந்து நிமிஷம் வேலை, ஐந்து நிமிஷம் ஓய்வு. நீ அந்த ஐந்து நிமிஷத்தில் பீடத்துப் பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றினாய். நான் அந்தத் தக்காளியைப் பிரசங்க மேடைக்கு அடியில் வைத்தேன். ஐயா மூன்றாவது குறிப்புக்கு வரும்போது அது கிணுகிணுத்தது. அன்றைக்குச் சபை சீக்கிரம் வீட்டுக்குப் போனது. எனக்குக் கைகொடுத்தவர்கள் பெயரை இங்கே வெளியிட மாட்டேன்.

அந்த விளையாட்டெல்லாம் சரி. அந்த நாள்காட்டிதான் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோருடைய போனிலும் ஒரே நாள்காட்டி. யார் எந்த வேலையை முடிக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அது நாள்காட்டி இல்லை, ஆள்காட்டி. அதற்கு நிறம் பிரித்தவள் நீ. சபை வேலை ஊதா. அவரவர் சொந்த வேலை சாம்பல். ஊதாக் கட்டத்தை ஐயா சம்மதிக்காமல் ஒருவரும் நகர்த்தக் கூடாது. சாம்பலை எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம். இந்த விதியைப் போட்டவளும் நீதான்.

உன் ஸ்கேன் சாம்பல் கட்டத்தில் இருந்தது.

லெந்து நோன்புக் காலம் வந்தது, நகர்த்தினாய். ஈஸ்டர் முடியட்டும் என்றாய். பிறகு பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி. அப்புறம் அறுப்பின் பண்டிகை. சபை வருஷத்தில் சும்மா கிடக்கிற வாரம் என்று ஒன்று உண்டா, அம்மா? நீ ஒருநாளும் கண்டதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் வீட்டு நோயாளியைப் பார்க்கப் போவாய். அது ஊதா. நான் கேட்டால், "ஏட்டி, மொதல்ல கர்த்தரோட வேல, பொறவு நம்ம வேல" என்பாய். டாக்டர் கடைசியில் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு எங்களிடம் பேசியபோது, வெளியே உன் டேப் மணியடித்தது. கிறிஸ்மஸ் கேரல் வண்டிக்குச் சொல்ல வேண்டும் என்று உனக்கு நீயே போட்டு வைத்த நினைவூட்டல்.

அடக்க ஆராதனையில் ஐயா 'மண்ணுக்கு மண், சாம்பலுக்குச் சாம்பல்' என்று வாசித்தபோது எல்லோரும் அழுதார்கள். எனக்கு அந்தக் கட்டத்தின் நிறம்தான் கண்ணுக்குள் வந்தது.

இப்போது அப்பாவின் கதைக்கு வருகிறேன். மழை தொடங்கியதிலிருந்தே அவர் மாடி ஏறும்போது பாதியில் நிற்பார். நின்று போனை எடுத்துப் பார்ப்பார். போனில் ஒன்றும் இருக்காது. நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். வெறும் திரை. மூச்சு வாங்குவதை மறைக்க எவ்வளவு நாகரிகமான வழி, பார். இடது தோளைத் தடவிக்கொண்டே இருப்பார். கேட்டால், நாற்காலி சரியில்லை என்பார். நாற்காலி உன்னுடையது. அதனால் நான் மேலே பேச முடியாது என்று அவருக்குத் தெரியும்.

ஒருவழியாகப் பக்கத்து கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். அந்த டாக்டர் காதில் குழலை வைத்துக் கேட்டார், திரும்பவும் கேட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் டிரெட்மில் டெஸ்ட் எடுக்கணும், தள்ளிப்போடக் கூடாது என்று சீட்டு எழுதித் தந்தார். அப்பா வீட்டுக்கு வந்தார், டேப்பைத் திறந்தார், டெஸ்டை நாள்காட்டியில் போட்டார்.

சாம்பல் நிறத்தில்.

அந்தக் கட்டம் புதன்கிழமையிலிருந்து அடுத்த திங்களுக்குப் போனது. திங்களிலிருந்து வெள்ளிக்கு. ஐயாவுக்குப் பேராய மீட்டிங், பழைய ஜெனரேட்டருக்கு ஆள், வாலிபர் முகாமுக்குப் பஸ். ஒவ்வொன்றும் ஊதாவாக வந்து முட்டும்போது சாம்பல் கட்டம் அடக்கமாக வழிவிட்டு நகரும். நான் என் போனில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதே கட்டத்தை, இதே மாதிரி நகர்ந்து போவதை, நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன் அல்லவா?

"எப்பா, டெஸ்டுக்குப் போகலியா?" என்று கேட்டேன்.

"அறுப்பின் பண்டிக முடியட்டும் மக்ளே. பொறவு பாப்பம்."

குரல் அவருடையது. வார்த்தை உன்னுடையது.

நான் அழவில்லை. உனக்கு என்னைத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அவர் குளிக்கப் போன நேரத்தில் டேப்பைத் திறந்தேன். டெஸ்ட் இருந்த அந்தச் சாம்பல் கட்டத்தை வருகிற திங்களுக்கு இழுத்து ஊதாவாக்கினேன். தலைப்பை மாற்றி அப்பா பெயரைப் போட்டேன்: 'சுகவீனர் சந்திப்பு: செல்வின். பாஸ்டர் ஐயா உடன் செல்வார்.' நோயாளிகளைச் சந்திக்கிற கட்டம் என்றால் ஒருவரும் தொட மாட்டார்கள். அது நீ போட்ட விதிகளிலேயே பெரிய விதி. ஊதாவில் இருக்கிற சுகவீனர் பெயரெல்லாம் சனிக்கிழமை தானாகவே ஆராதனை அறிவிப்புத் தாளில் ஏறிவிடும், அதுவும் உன் ஏற்பாடுதான்.

அப்பா கவனித்துவிடுவார் என்று பயந்தேன். கவனிக்கவில்லை. தாளை வாசிக்காமலே அச்சடித்தார். நாள்காட்டியிலிருந்து வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை. தன் நோயைத் தானே கட்டுக் கட்டாகப் பிரதி எடுத்து, தானே பெஞ்சு பெஞ்சாக வைத்துவிட்டு, மைக் சரிபார்க்கப் போய்விட்டார்.

ஞாயிறு ஆராதனையில் ஐயா அறிவிப்பு வாசித்தார். ஜெபிக்க வேண்டிய சுகவீனர் பெயர்கள். ரோஸம்மா பாட்டி. ஸ்டீபன் அண்ணனின் குழந்தை. "நமது சபை அலுவலகப் பணியாளர் செல்வின்" என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். தலையைத் தூக்கினார். அப்பா பக்கவாட்டில் மைக் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். சபை முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன், அம்மா. ஒருவரும் சிரிக்கவில்லை. உன்னைப் பார்க்கத் தவறிய கண்களெல்லாம் அப்போது அவரைப் பார்த்த மாதிரி இருந்தது. அவர்களோடு சேர்ந்து பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது, அவர் முகம் அத்தனை வெளுத்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கியம் அவரைச் சுற்றிக்கொண்டது. அப்பா அவர்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"உயிரோட இருக்கவனப் பீடத்துல வச்சு வாசிக்க வச்சிட்டியே, ஏட்டி."

"சுகவீனர் லிஸ்டுலதான்பா போட்டேன். அடுத்த லிஸ்டுல போடலியே."

அவர் கை ஓங்கினார். ஓங்கிய கை பாதியில் நின்று தோளுக்குப் போனது. அதை ஐயா பார்த்துவிட்டார்.

"செல்வின், ஊதாக் கட்டத்த மாத்த எனக்கு மட்டுந்தான் உரிம உண்டு. நான் மாத்த மாட்டேன் கேட்டீரா. காலைல ரெடியா நில்லும்."

இன்றைக்குக் காலையில் வந்தோம். ஐயா வந்தார். பிரின்ஸ் அண்ணன் லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்து வந்தார். வழியெல்லாம் அவர் போன் ஒருதரம்கூட அடிக்கவில்லை. அணைத்து வைத்திருந்தார் போல.

மெஷினில் ஏறி அப்பா நடக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவர் அப்பாவைப் பார்க்கவில்லை, கதவைத் திறந்து டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் நீண்ட காகிதத்தைக் கையில் பிடித்துப் பார்த்தார். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். அப்பா, பாவம், "சர்ச்சில்" என்று பதில் சொன்னார். அதற்குமேல் வீட்டுக்கு விடவில்லை. படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ரத்தக் குழாயில் எங்கே அடைப்பு என்று பார்க்க வேண்டுமாம். தாமதமாகிவிட்டதா என்று கேட்டேன். பார்க்கிறோம் மோளே என்றார் டாக்டர். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ இருந்தபோது இன்னொரு டாக்டரும் இதே மாதிரிதான் பேசினார்.

என் வாழ்க்கையில் நான் செய்த குறும்புகளில் சிரிப்பே வராத குறும்பு இது ஒன்றுதான். சீக்கிரமாகச் செய்தேனா, இதுவும் லேட்டா? உனக்காக இப்படி ஒன்றைச் செய்ய எனக்கு ஏன் தோன்றவில்லை என்று மட்டும் என்னிடம் கேட்காதே, அம்மா. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஜோக் இல்லை.

ஐயா பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். ஜெபிக்கிறாரா, தூங்குகிறாரா தெரியவில்லை. அவர் எழுந்ததும் அவருக்கு என்னென்ன சாம்பல் கட்டங்கள் கிடக்கின்றன என்று கேட்க வேண்டும்.

கதவு திறக்கிறது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "செல்வின்றெ கூடெ ஆராணு?" என்று கேட்கிறாள். அவள் முகத்தைப் படிக்க முயல்கிறேன். முகக்கவசம் போட்டிருக்கிறாள்.

நான்தான் கூட இருக்கிறேன். எழுந்து போகிறேன். போவதற்கு முன் ஒரு வாக்கு தருகிறேன், கேட்டுக்கொள். உனக்கு அங்கே தனியாக இருக்கும், தெரியும். அவரைப் பார்க்க ஆசையாகவும் இருக்கும். ஆனாலும் இவரை உன்னிடம் அனுப்ப மாட்டேன். என்னால் முடிந்த வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்து வைத்திருப்பேன். நீயும் அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடாதே.

உன் ஒரே மகள், இப்போதைக்கு அவருக்கு இருக்கிற ஒரே துணை,
ஜெனி