ஒரே கொடியில்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

கருப்பைவாய்ப் பரிசோதனையில் எச்பிவி கிருமி என்று கிளினிக்கில் சொன்னதிலிருந்து, அம்மை கண்டவள்போல் தனித் துண்டு, தனிப் பாய் என்று ஒதுங்கிவிட்டாய். நேரில் பேசினால் அழுவாய், அதனால் எழுதுகிறேன்.

நேற்று நானே போய்த் தாதியிடம் கேட்டேன்.

"துணியில கொஞ்ச நாள் இருக்கலாம் அண்ணே, ஆனா துண்டால பரவுறது ரொம்ப அபூர்வம்லா. புருஷன் பொண்டாட்டி சேரும்போது தோலோட தோல் பட்டுத்தான் வரும். உடம்புல வருஷக்கணக்கா சத்தமில்லாம கிடக்கும். யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு சொல்லவே முடியாது."

என்னிடமிருந்தும் இருக்கலாம். அதற்குமேல் நான் கேட்கவில்லை, நீயும் கேட்டுக்கொள்ளாதே.

காலையில் சிங்கப்பூர் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் உன் துண்டில்தான் தலை துவட்டினேன். என் துண்டோடு ஒரே கொடியில் காய்கிறது. நான் திரும்பி வரும்போதும் இரண்டும் அங்கேயே இருக்கட்டும்.

உன்
துண்டுத் திருடன்