நாலாவது ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை உன் சொம்பின் முன்னால் என் மானம் போய்விட்டது.

அதே எவர்சில்வர் சொம்பு, அதே ஸ்பூன். சைக்கிள் கடை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, காலை ஏழு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கண்ணை மூடி உட்காருவார்கள். அரை மணி ஆனதும் ஸ்பூனால் சொம்பை ஒரு தட்டு தட்ட வேண்டும். நீ போன பிறகு அந்த வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். அதில் நான் தூங்கிவிட்டேன்.

அரை மணி போய், முக்கால் மணி போய், ஒரு மணியும் தாண்டிவிட்டதாம். நீ பழக்கிவிட்ட ஆட்கள் ஆயிற்றே, சத்தம் கேட்காமல் கண் திறக்கவில்லை. முட்டி வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். கடைசியில் ரிட்டயர்டு நர்சம்மாதான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

"யோவ் தறிக்காரரே! சொம்ப தட்டுவியா, இல்ல எங்கள இப்பிடியே தூக்கினு போய் பொதச்சிடுவியா?"

தூங்கியதுகூடப் பரவாயில்லை. சம்மணம் போட்டபடியே என் பாதம் இரண்டும் மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்ததாம். முப்பத்தைந்து வருடம் தறிக்குழியில் மிதித்த கால், எஜமான் தூங்கினாலும் வேலையை விடாது. எல்லாரும் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால், "காலு நெய்யட்டும் வுடு, நீ பாத்துகினு இரு" என்றிருப்பாய்.

அவர்கள் இறங்கிப் போனபின் சொம்பைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உனக்கு எழுதத் தோன்றியது. தாளின் தலையில் உன்னை என்ன சொல்லி அழைப்பது என்று வெகுநேரம் யோசித்தேன். கடைசியில் அழைக்காமலே ஆரம்பித்துவிட்டேன். உனக்கு அது பழகியதுதான்.

ஒரு காலத்தில் உன்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் தெருவுக்குப் பட்டு மூட்டை ஏற்ற உன் லோடு வண்டி வரும்போதெல்லாம், வண்டி முனை திரும்பும் முன்பே கத்துவேன். "உங்க தெருவுல எனக்குப் பொண்ணு குடுப்பாங்களாடா? பெருசா மச்சான்னு கூப்புட வந்துட்டான்" என்று நீ சிரிப்பாய். காலனிக்காரனை நெசவுத் தெருக்காரன் மச்சான் என்பதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அதைப் பார்க்கவே நான் இன்னும் சத்தமாகக் கூப்பிடுவேன். எனக்கு அதில் ஒரு வீராப்பு. என்னவோ உலகத்தையே திருத்திவிட்ட மாதிரி.

நீ ஞாயிறு தவறாமல் மாடிக்குப் போவதைக் கிண்டல் செய்வேன். உன் அப்பா காலத்திலேயே உங்கள் வீடு புத்தரை ஏற்றுக்கொண்ட வீடு.

"தூங்கறதுக்கு ஒரு சங்கம், எழுப்பறதுக்கு ஒரு சொம்பு. நல்லா கீதுடா உங்க மதம்."

"நீயும் வந்து அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து பாரு. உன் மண்டைக்குள்ள எத்தினி பேரு கத்திகினு இருக்கறாங்கன்னு தெரியும்."

"அந்த பேஜாரு எனுக்கு வூட்லயே இருக்குது மச்சான்."

அப்படிப் பேசிக்கொண்டிருந்தவர்கள்தான் நாம்.

என் மகனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சேத்துப்பட்டில் ஒரு மொபைல் கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் போகிறேன் என்றான். நான்தான் உன் வண்டியைக் கை காட்டி நிறுத்தினேன். "மச்சான், புள்ளைய கூட்டிகினு போயிட்டு ஜல்தியா வா" என்று ஏற்றிவிட்டேன். திரும்பி வரும்போது, பட்டப்பகல் மூன்று மணிக்கு, வண்டி புளியமரத்தில் மோதியது. உனக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. அவன் அந்த இடத்திலேயே போய்விட்டான்.

நாய் குறுக்கே வந்தது என்று சொல்லச் சொல்லி உன் ஆட்களே உனக்குச் சொன்னார்களாம். நீ சொல்லவில்லை. போலீசிடம் உள்ளதைத்தான் சொன்னாய். பதினாறாம் நாள் தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் தெருமுனையில் வந்து நின்று என்னிடமும் அதையே சொன்னாய்.

"நாயி கீயி ஒண்ணும் குறுக்க வரல. நான் கண்ணசந்துட்டேன்."

ஒரு நாய் வந்திருக்கக் கூடாதா? நான் அந்த நாயை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். நீ எனக்கு அந்த வழியையும் விட்டுவைக்கவில்லை. அப்போது தெருவே கேட்க உன்னைப் பார்த்து நான் ஒரு சொல் சொன்னேன். உன் சாதியைச் சேர்த்துச் சொன்ன சொல். அத்தனை வருடப் பழக்கத்தில் நம் நடுவில் ஒருநாளும் வராத சொல். எங்கே இருந்ததோ, கூப்பிட்டதும் வந்துவிட்டது. அதை இங்கே எழுத மாட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, தடியைத் திருப்பி ஊன்றி, மெதுவாக நடந்து போனாய். எதிர்வீட்டுக்காரர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கையால் வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் கிடையாது. தறியில் உட்கார்ந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த இழையைப் பதறி இழுத்தால் பக்கத்து இழையும் சேர்ந்து அறும். தறி ஏறிய சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த அந்த விஷயத்தை மறந்து, இழுத்து இழுத்து ஒரு சேலைக்கான பாவு முழுவதையும் பாழாக்கினேன். மூன்று மாதம் இப்படி. ஒரு ஞாயிறு காலை, உன்னை ஊர் முன்னால் கேட்டுவிடுவது என்று மாடி ஏறினேன். 'என் பிள்ளையைக் கொன்றுவிட்டு இங்கே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் சரியாகிவிடுமா?' வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

போனால், எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறீர்கள். கண்ணை மூடியிருப்பவனைத் திட்டுவது எப்படி? திறக்கட்டும் என்று கடைசியில் சுவரோரம் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நினைவு இருக்கிறது. கொலைவெறியோடு போனவன் குறட்டை விட்டேன்.

விழித்தபோது கூட்டம் கலைந்திருந்தது. ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நீ மட்டும் எதிரே உட்கார்ந்திருந்தாய். உன் கண் சிவந்திருந்தது. அந்த விபத்துக்குப் பின் நீயும் தூங்குவதில்லை என்று பிறகு தெரிந்தது. நான் எழுந்து, "வரேங்க" என்றேன்.

அதுதான் முதல் 'ங்க'. நீ நிமிர்ந்து பார்த்தாய். ஊரில் எல்லாரும் மரியாதைக்குச் சொல்வதை நான் உன்னைத் தள்ளி நிறுத்தச் சொன்னேன் என்பது உனக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறும் வந்தேன். புத்தருக்காக இல்லை. எனக்குத் தூக்கம் வந்த ஒரே இடம் அதுதான். நாலு வருடம் வந்தேன். தூக்கம் கொஞ்சம் குறைந்தபோது நீ சொல்வது காதில் விழ ஆரம்பித்தது. "நான் கோவக்காரன்னு சொல்லாத. கோவம் வந்துகினு இருக்குதுன்னு சொல்லிக்க. வந்துகினு இருக்கறது போய்கினும் இருக்கும்." கேட்க எளிதாக இருந்தது. எனக்கு வந்த கோபம் மட்டும் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி, வந்தால் போகிற வழியைக் காணோம்.

ஒவ்வொரு ஞாயிறும் கடைசிப் பத்து நிமிடம் மைத்திரி, எல்லாருக்கும் நல்லது நினைக்கிற பயிற்சி. முதலில் அவரவர் தன்னையே நினைத்து, நல்லா இருக்கட்டும், பயமில்லாம இருக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, தனக்குப் பிரியமானவர். மூன்றாவது, முகம் மட்டும் தெரிந்தவர். இதுவரை உன் குரல் சாதாரணமாக வரும். பிறகு ஒரு மூச்சு நிற்கும். "நாலாவது, யாரு மேல கோவமோ அந்த ஆள எதிர்ல உக்கார வெய்யி. வாயால சொல்ல வேணாம். மனசுக்குள்ள சொன்னா போதும்."

நீ எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தாய். எனக்குத் தனியாக உட்கார வைக்கும் சிரமம்கூட இல்லை. மாதக்கணக்கில் அந்த இடத்தில் என் மனசு ஊமையாகவே கிடந்தது. பிறகு ஒருநாள் 'நல்லா' என்று வந்தது. மிச்சம் வர இன்னும் ஒரு வருடம் ஆயிற்று.

ஒருமுறை கீழே டீக்கடையில் கேட்டேன். "உங்களுக்கு நாலாவது ஆளு யாருங்க?" தெருமுனையில் நான் சொன்ன அந்தச் சொல்லுக்காக, என் பேரைத்தான் சொல்வாய் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"மொத ஆளும் நாலாவது ஆளும் எனக்கு ஒருத்தன்தான். அந்த ஒருத்தனத் தாண்டி நான் இன்னும் போவல" என்றாய். கிளாசைக் கழுவி வைத்துவிட்டு, "ஊரே என்ன ஏதோ ஒரு மொற வெச்சிக் கூப்புடுது. நீ மட்டும் 'இந்தாங்க, வாங்க, போங்க'. பேரு மறந்துடுச்சா?" என்றும் கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நானும் சிரித்தேன். கூப்பிடவில்லை.

உன்னை முறை வைத்து நான் கடைசியாகக் கூப்பிட்டது எப்போது என்று உனக்கும் தெரியும். புள்ளைய கூட்டிகினு போயிட்டு வா என்று சொன்னபோது. அதோடு அது உள்ளே போய் அடைத்துக்கொண்டது.

உன் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, இனி டயாலிசிஸ் செய்தும் பயனில்லை என்று சொன்ன வாரம் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மத்தியான நேரம். நீ பாதியாய்ப் போயிருந்தாய். கால் மட்டும் வீங்கி, வேறு யாருடைய காலோ மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் ஆக்சிஜன் மூடியை விலக்கினாய்.

"நாலாவது ஆளு இங்க படுத்துகினு இருக்கறான். எதிர்ல உக்காரு."

"சாத்துக்குடி கொண்டாந்தேங்க."

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். நல்லா இருக்கட்டும். பயமில்லாம இருக்கட்டும். பகையில்லாம இருக்கட்டும். அன்றைக்கு ஒரு சொல்லும் சிக்கவில்லை. ஒரு இழை அறாத தறி மாதிரி ஓடியது. கண்ணைத் திறந்தால் நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கிற பார்வை. நான்தான் மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டேனே. நீ கற்றுக்கொடுத்தபடியே செய்தேன். பெருமையாகக்கூட இருந்தது. பஸ்ஸுக்கு எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை நர்சம்மா போன் செய்தார்.

உன்னை எரித்துவிட்டுத் திரும்பும்போது அவரிடம் சொன்னேன். கடைசியில் மனசுக்குள் எல்லாம் சொல்லிவிட்டேன் அம்மா, அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா என்று.

அவர் நின்றுவிட்டார். "மனசுக்குள்ள சொல்றது எட்டாத ஆளுக்குய்யா. எட்டற தூரத்துல இருக்கறவனுக்குச் சொல்லத்தான வாயி இருக்குது" என்றார்.

இப்போது நாலாவது ஆளை ஞாயிறுதோறும் நான்தான் அழைக்கிறேன். என் குரலும் அங்கே ஒரு மூச்சு நிற்கிறது. என் எதிரே வந்து உட்காருகிறவன் நீ இல்லை. தெருமுனையில் அந்தச் சொல்லைக் கத்தியவன். ஆஸ்பத்திரி ஸ்டூலில் கண்ணை மூடிக்கொண்டவன். அவனுக்கு இன்னும் 'நல்லா' என்பதற்கு மேல் எனக்கு வரவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். ஆக்சிஜன் மூடியைக் கையில் பிடித்தபடி நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். "வரேங்க" என்றேன்.

சொல்லாமல் விட்டது, வரேன் மச்சான்.